ஒளியை மருந்தாக்கிய ஃபின்சென்

இராமேசுவரம் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பள்ளி விட்டதும் நாம் நிழலைத்தான் தேடுகிறோம். ஆனால் வெயிலுக்கு ஏங்கிய ஒருவர் ஒளியையே மருந்தாக்கினார். அவரே டாக்டர் நீல்ஸ் ஃபின்சென்.

வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். நம் பாம்பனைப் போலக் கடல் சூழ்ந்த இடந்தான். ஆனால் குளிர்காலத்தில் கதிரவன் அங்கே சில மணி நேரமே தலைகாட்டுவான். கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்ற காலத்திலேயே ஃபின்சென் நோயுற்றார். அவர் தங்கியிருந்த வீடோ வடக்கு நோக்கியது. வெயில் பட்டால் உடல் தேறுமோ என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அதுவே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

அந்நாளில் தோலைப் பற்றும் காசநோய் பலருடைய முகத்தைச் சிதைத்து, அவர்களை வீட்டிற்குள் ஒடுங்கச் செய்தது. 1895இல் ஃபின்சென், கார்பன் விளக்கின் ஒளியை வில்லைகளால் குவித்து, அதன் வெப்பத்தைத் தண்ணீரால் தணித்து, புண்பட்ட இடத்தில் பாய்ச்சினார். மாதக்கணக்கில் பொறுமையோடு செய்த சிகிச்சையால் முகங்கள் தேறின. 1896இல் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. 1903இல் நோபெல் பரிசு கிடைத்தது. விழாவுக்குச் செல்லவும் அவர் உடலில் வலுவில்லை. 1904 செப்டம்பர் 24ஆம் நாள், 43ஆம் வயதில் மறைந்தார்.

காசநோய்க்கு மாத்திரைகள் வந்தபின் அவ்விளக்குகள் ஓய்ந்தன. அவர் காட்டிய வழி ஓயவில்லை. தோலில் தோன்றும் லிம்போமா என்னும் புற்றுநோய்க்கு ஒளி சிகிச்சை பயன்படுவதை 1976இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். சொராலென் என்னும் மருந்தைக் கொடுத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறை அது. நம் சித்த வைத்தியத்தின் கார்போகரிசியிலும் சொராலென் உண்டு. மருந்தின்றி, 311 நானோமீட்டர் கதிரை மட்டும் பாய்ச்சும் முறையும் இன்று உள்ளது. இந்நோயில் வெள்ளணுக்கள் சில கெட்டுத் தோலில் குடியேறுகின்றன. தொடக்கத்தில் அவை மேல்தோலை ஒட்டியே இருப்பதால் ஒளி அவற்றை எட்டி அழிக்கிறது. திட்டுகள் மறைகின்றன, திரும்ப வருவதும் உண்டு.

கடற்கரை வெயிலில் நின்றால் போதும் என்று நாம் எண்ணலாகாது. மருத்துவர் அளந்து தரும் ஒளியே மருந்து. அளவு மீறினால் அதுவே கேடு.

இந்நோயின் திட்டுகள் படை போலவும், சிலருக்குத் தொழுநோய் போலவும் தோன்றும். ஆனால் இது தொற்றுநோயன்று. எனவே ஆறாத படையுள்ள பெரியவரைக் கண்டு விலகாமல், தோல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்வோம். ஃபின்செனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.