மால்குடியைப் படைத்தவர்

ஆர்.கே. நாராயண் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் மைசூர் நாட்டில் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். ஆதலால் நாராயண் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பெற்றோரைப் பிரிந்திருந்த அச்சிறுவனுக்கு ஒரு மயிலும் ஒரு குரங்கும் விளையாட்டுத் தோழர்களாயின. பாட்டி அவருக்குக் கணக்கும் புராணக் கதைகளும் கற்பித்தார்.

பின்னர் அவர் மைசூர் சென்று பெற்றோருடன் வாழ்ந்தார். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் வளர்ந்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தோல்வியுற்றது ஆங்கிலப் பாடத்திலேதான்! ஆயினும் மனம் தளராது பல நூல்களைப் பயின்று, 1930இல் பட்டம் பெற்றார்.

பாட்டி தேர்ந்தெடுத்த ஒரு நன்னாளில் நாராயண் தம் முதல் நாவலைத் தொடங்கினார். எந்த வரைபடத்திலும் காணப்படாத மால்குடி என்னும் ஊர் அவர் மனத்தில் உருவாயிற்று. சுவாமி, மணி, ராஜம் என்னும் மூன்று சிறுவர்களின் கதை அது. முதலில் ராஜத்தைப் பகைத்த இருவரும் பின்பு அவனுக்கு உற்ற நண்பராயினர். மூவரும் கிரிக்கெட் குழு அமைத்தனர். தலைமையாசிரியருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய சுவாமி, காட்டில் வழி தவறினான்; போட்டிக்கு வர இயலவில்லை. குழு தோற்றது, ராஜம் சினந்தான். அவன் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில், சுவாமி ஒரு நூலைப் பரிசாக ஏந்தி ரயில் நிலையத்திற்கு விரைந்தான். பரிசு ராஜத்தின் கையை அடைந்தது. நட்பு மீண்டதா என்பதைச் சுவாமி அறியுமுன் ரயில் சென்றுவிட்டது.

அந்நூலை வெளியிடப் பதிப்பகத்தார் பலர் மறுத்தனர். மனமுடைந்த நாராயண், கையெழுத்துப் படியைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு இங்கிலாந்தில் பயின்ற நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். பூர்ணாவோ அதனை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் அளித்தார். கிரீனின் முயற்சியால் 1935இல் லண்டனில் நூல் வெளிவந்தது. நட்பைப் பாடிய நூலை நட்பே காத்தது!

முதுமையில் மாநிலங்களவை உறுப்பினரான நாராயண், பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையைக் குறைக்குமாறு அவையில் வேண்டினார். அவர் 2001ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

சொற்பொருள்
உற்ற - நெருங்கிய
சினந்தான் - கோபம் கொண்டான்

பயிற்சி
1. பூர்ணா நண்பரின் சொல்லை மீறியது சரியா? உம் கருத்தை எழுதுக.
2. ஊர் மாறிச் சென்ற உம் நண்பர் ஒருவருக்குத் தமிழில் கடிதம் எழுதுக.