பென்னிகுயிக்கும் பெயரற்ற படையினரும்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 15 அன்று கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கின்றனர். தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லோயர் கேம்ப்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மண் தந்த சோற்றுக்கு மக்கள் செலுத்தும் இந்த நன்றியை நாம் மதிக்கிறோம். ஆயினும், முல்லைப் பெரியாற்றைத் தடுத்தவர் போர்க்களம் கண்ட படைப் பொறியாளர் என்பதும், அவரோடு ஆற்றில் இறங்கிய சிப்பாய்கள் எவர் என்பதும் அந்நாளில் பேசப்படுவதில்லை. அவ்விரண்டையும் சேர்த்தே அவர் வாழ்க்கையை நாம் வாசிக்க வேண்டியுள்ளது.

பென்னிகுயிக் 1841இல் பூனாவில் பிறந்தார். தந்தையும் அதே பெயருடைய படைத்தலைவர். இரண்டாம் சீக்கியப் போரில், 1849 சனவரி 13 அன்று ஜீலம் ஆற்றங்கரைப் பகுதியின் சில்லியன்வாலாவில், புதர்க்காட்டுக்குள் மறைந்திருந்த சீக்கியப் பீரங்கிகளை நோக்கிப் பிரித்தானியப் படை முன்னேறியது. அதில் கொல்லப்பட்டோர், காயமுற்றோர் இரண்டாயிரத்துக்கும் மேல். மாண்டோருள் தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் இருந்தனர். இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள்களே இருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆடிஸ்கோம் படைக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860இல் அவர் இந்தியா வந்தார். அவர் கண்ட பெரும் போர் 1867–68 அபிசீனியப் படையெடுப்பு. பேரரசர் இரண்டாம் தியோட்ரோஸ் சிறைவைத்திருந்த ஐரோப்பியரை மீட்க, ராபர்ட் நேப்பியர் தலைமையில் சுமார் 13,000 படையினர் செங்கடற்கரையில் இறங்கினர். உடன் சென்ற தொழிலாளரும் ஏவலாளரும் சுமார் 26,000 பேர். கரையில் படகுத்துறை அமைத்தனர், இருப்புப்பாதை இட்டனர், கப்பல் கொதிகலன்களில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் வடித்தனர், 44 யானைகளையும் கொண்டுசென்று கனரகப் பீரங்கிகளை மலையேற்றினர். ஏறத்தாழ 400 மைல் கடந்த பின்னரே எதிரியைக் கண்டனர்.

1868 ஏப்ரல் 10 அன்று அரோகிச் சமவெளியில், பின்புறம் தோட்டா இடும் புதிய ஸ்னைடர் துப்பாக்கிகளுக்கு முன் தியோட்ரோசின் படையினர் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தனர். எதிர்த்தரப்பில் காயமுற்றோர் சுமார் இருபது பேரே. ஏப்ரல் 13 அன்று மக்தலாக் கோட்டை வீழ்ந்தது. பேரரசர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். சில மணி நேரத்தில் முடிந்த சண்டைக்குப் பின்னால் பல மாதச் சாலை, நீர், சுமை ஆகியவற்றின் உழைப்பு இருந்தது. அப்போரில் வெற்றியைத் தீர்மானித்தவை பொறியியலும் சுமப்போர் தோள்களுமே. அந்தப் பாடம் பின்னர் பெரியாற்றுக் காட்டுக்கு வந்தது.

1876–78 பெரும்பஞ்சம் வைகைப் படுகையை வாட்டியது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணத்துக்குப் பென்னிகுயிக் 1882இல் திட்டம் வகுத்தார். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1887இல் பணி தொடங்கியது. செலவைச் சென்னை அரசாங்கம் ஏற்றது. முதலில் ஆற்றை மறிக்கும் பணியில் சென்னைப் பயனீர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாலியன்கள் ஈடுபட்டன. தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் கூடாரங்களுக்குள் புகுந்தன.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டும். சென்னைப் பயனீர் படையிலும் சுரங்கப் படையிலும் தமிழ்ப் பறையரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் பணியாற்றினர். அதே காலத்தில், 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு உதவார் என்னும் கொள்கையால் சென்னைப் படையைச் சுருக்கினார். போர்க்குடி எனச் சிலருக்குப் பட்டம் சூட்டிய அக்கொள்கை, 1890களின் தொடக்கத்தில் மகார்களுக்கும் படையின் கதவை அடைத்தது. வீரமற்றோர் என ஒதுக்கப்பட்ட மண்ணின் சிப்பாய்களே கொடிய காட்டில் ஆற்றை மறித்து நின்றனர். அவர்களின் முதல் பட்டாலியன் 61ஆம் பயனீர் படையாகப் பெயர் மாறி, 1914 நவம்பரில் முதல் உலகப்போரின் தாங்காச் சண்டைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றது. 1933இல் சென்னைப் பயனீர் படையே கலைக்கப்பட்டது.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் எழுந்த அணை 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைக்க, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்ந்தது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்த நூற்றுக்கணக்கானோர் அணையருகிலேயே புதைக்கப்பட்டனர். பென்னிகுயிக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்து, 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

நீர் வந்தது, நிலம் எவரிடம் இருந்தது? அணை எழுந்துகொண்டிருந்த 1892இல்தான், செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணையை அதே சென்னை அரசாங்கம் பிறப்பித்தது. நீருக்கான ஆணை கல்லாக எழுந்து இன்றும் நிற்கிறது. நிலத்துக்கான ஆணையோ கைமாறிப்போன பஞ்சமி நிலங்களின் வழக்காக இன்றும் நீள்கிறது. அணைநீர் பாயும் வயல்களில் நாற்று நடும் தலித் பெண்ணுக்கு அந்நீர் கூலியாக மட்டுமே வந்து சேர்கிறது.

பென்னிகுயிக்கின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. தனியொருவர் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்னும் கதை அவரைத் தெய்வமாக்குகிறது. அதே கதை, உடன் உழைத்து மாண்டோரை மறைத்தும் விடுகிறது. அவருக்கு வைக்கும் பொங்கலில் ஒரு பிடி அந்தப் படையினருக்கும் கூலிகளுக்கும் உரியது. அவர்கள் வழிவந்தோருக்கு உரியது நிலம். அதை நினைவூட்டாத நன்றி பாதி நன்றியே.