மோட்டாரைப் பிரித்துப் படித்த மேதை

கோவை ஜி. டி. நாயுடுவின் கதை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. மாந்தோப்புகள் உள்ள வட்டாரம். விடியற்காலையில் மாங்காய் ஏற்றிய பழைய பெட்ரோல் வேன் ஒன்று திண்டுக்கல்லுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வழியில் எஞ்சின் மிஸ் அடிக்கிறது. வண்டி இருமுகிறது, குலுங்குகிறது, மேடு ஏற மறுக்கிறது. நேரம் தவறினால் மாங்காய்க்கு விலை கிடைக்காது. என்ன செய்வது?

பதறிப்போய்ப் பல சாமான்களை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. ஆனால், எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் பதற மாட்டார். தெரிந்துகொள்வதற்காகவே தம் சேமிப்பைச் செலவிட்ட ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் ஜி. டி. நாயுடு.

ஓட்டலில் வேலை

துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோவைக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! இளைஞரின் மனம் அதிலேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார்! மறுபடி பூட்டத் தெரியாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த பணம் பழைய இரும்பாகிவிடும். ஆனாலும் துணிந்தார். பிரித்தார்; பார்த்தார்; மீண்டும் பூட்டினார். அவருடைய கல்லூரி அதுதான்.

விழுந்தார், எழுந்தார்

பிறகு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். பணம் குவிந்தது. பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். குவிந்த பணம் கரைந்தது. கையில் மிஞ்சியது மோட்டார் அறிவு ஒன்றே.

அந்த அறிவு அவரைக் கைவிடவில்லை. ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். தாமே அதை ஓட்டினார். இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் அதே பழனிதான்!

ஒரு பஸ் பல பஸ்களானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. வண்டியின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவியும் செய்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டார் தயாரித்த பெருமையும் அவருக்கு உண்டு. கோவையில் தொழிற்கல்வி வளரப் பாடுபட்டார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

வேன் என்ன ஆயிற்று?

சாணார்பட்டி வேனை நடுவழியில் விட்டு வந்தோம் அல்லவா? அதற்கு நாலு சிலிண்டர். நாலுக்கும் நாலு பிளக். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். ஓடும்போது ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும்; எச்சரிக்கை! ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. ஒயரை மாட்டிவிட்டு, அடுத்ததைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுவே குற்றவாளி!

அதன் பிளக்கை எடுத்துப் பாருங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் கெட்டது. போகாவிட்டால் ஒயரைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது கெட்டதென்று தெரியாமலே போகும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை போதும். ஆரம்ப வகுப்போடு படிப்பை விட்ட ஓட்டல் சர்வர், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு நமக்குக் காட்டிய வழி இதுதான்.