தராசைக் கையிலெடுத்த விஞ்ஞானி

வணிகம் செய்வோருக்குத் தராசின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்த சரக்கும், விற்ற சரக்கும், இருப்பும் ஒத்து வராவிட்டால் எங்கோ கணக்குத் தவறிவிட்டது என்று உடனே அறிந்து கொள்கிறோம். இந்த எளிய நியதியையே இரசாயன சாஸ்திரத்துக்கு அடிப்படையாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லவாய்சியர்.

அவர் 1743-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஐந்து வயதில் தாயை இழந்தார். சட்டம் பயின்று தேறினாலும் அவர் உள்ளம் விஞ்ஞானத்திலேயே ஈடுபட்டது. 1768-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இடம் பெற்றார். அதே ஆண்டில், அரசாங்க வரிகளைக் குத்தகைக்கு எடுத்து வசூலிக்கும் கம்பெனியில் பங்கும் எடுத்தார். அந்த வருமானம் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவிற்று. பின்னர் அதுவே அவர் உயிருக்கும் உலை வைத்தது.

தண்ணீரைக் காய்ச்சினால் ஒரு பகுதி மண்ணாக மாறும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். லவாய்சியர் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை 101 நாட்கள் சூடாக்கி வந்தார். வண்டல் தங்கியது உண்மையே. ஆனால் நிறுத்துப் பார்த்தபோது தண்ணீர் குறையவில்லை. பாத்திரத்தின் எடையே குறைந்திருந்தது. வண்டல் கண்ணாடியிலிருந்து வந்தது என்பது வெளியாயிற்று.

மற்றொரு சோதனையில் பாதரசத்தைக் காற்றுடன் பன்னிரண்டு நாட்கள் சூடாக்கினார். காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. 45 கிரெயின் சிவப்புத் தூள் கிடைத்தது. அத்தூளை மேலும் கடுமையாகச் சூடாக்கவே, 41½ கிரெயின் பாதரசம் திரும்பி வந்தது. மீதி எடை எங்கே? அது வாயுவாக வெளிவந்தது. அவ்வாயுவுக்கு அவர் வைத்த பெயரே ஆக்ஸிஜன். நாம் பிராணவாயு என்கிறோம்.

ஆகவே பொருள் மாறலாம், மறையாது. விளைவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், அது ஆவியாகப் போயிருக்கும், பாத்திரத்தில் ஒட்டியிருக்கும், அல்லது மாறாமலே தங்கியிருக்கும். பனிக்கட்டி நீராகி, நீர் ஆவியானாலும் எடை ஒன்றே; ஏறியது வெப்பம் மட்டுமே. வெப்பத்தையும் ஒரு பொருளென எண்ணி, 1789-ல் வெளியிட்ட நூலில் 33 மூலப்பொருள்களுள் ஒன்றாக அவர் சேர்த்தது பிற்காலத்தில் தவறெனத் தெரிந்தது. அந்நூலின் படங்களை வரைந்தவர் அவருடைய மனைவி மாரி ஆன் அம்மையார். கணவருக்காக ஆங்கிலம் கற்று, ஆங்கில ஆராய்ச்சி நூல்களை மொழிபெயர்த்தும் கொடுத்தார்.

பிரெஞ்சுப் புரட்சி மூண்டபோது மக்களின் கோபம் வரிக் குத்தகைதாரர்கள் மீது பாய்ந்தது. அவர்கள்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, புகையிலையில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்து எடை கூட்டி விற்றார்கள் என்பதாகும். எடையின் நேர்மையை உலகுக்குக் காட்டியவர் எடைக் குற்றம் சுமந்து நின்றார். 1794-ம் ஆண்டு மே 8-ந் தேதி மாமனார் உட்பட இருபத்தேழு பேருடன் அவரும் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது வயது ஐம்பது. பறிமுதலான உடைமைகள் மறு ஆண்டே அம்மையாரிடம் திரும்பி வந்தன, உயிர் வரவில்லை.

ஆயினும் அவர் கணக்கு நிலைத்தது. இன்று சவர்க்காரமோ மருந்தோ செய்யும் ஆலை எதுவாயினும், இத்தனை மூலப்பொருளுக்கு இத்தனை சரக்கு என்று முன்கூட்டியே கணிப்பது லவாய்சியர் காட்டிய வழியில்தான்.