5 வயது வரை பேசாத குமரகுருபரர், காசியில் புது மொழி பேசியது எப்படி? மூளை சொல்லும் கணக்கு

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம். 17-ம் நூற்றாண்டில் சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி தம்பதிக்கு இங்கே பிறந்தவர் குமரகுருபரர். 5 வயது வரை பேச்சே வரவில்லை. தவித்துப்போன பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றார்கள். முருகன் அருளால் பேச்சு வந்து, கந்தர் கலிவெண்பா பாடினார் என்கிறது மரபு.

பேசாத பிள்ளை எதையும் கற்கவில்லை என்று அர்த்தமில்லை. அது புலவர் வீடு. காதில் எந்நேரமும் தமிழ்தான்.

மூளையில் என்ன நடக்கிறது?

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, ஒரு நரம்பணு அடுத்த அணுவை நோக்கி குளுட்டமேட் என்ற ரசாயனத்தை விடுகிறது. அந்த அணுவும் அதே நேரத்தில் தூண்டப்பட்டிருந்தால், என்எம்டிஏ என்ற வாசல் திறந்து கால்சியம் உள்ளே போகும். அந்த இணைப்பு பலமாகும். அடுத்த முறை அதே சிக்னல் ஈஸியாகக் கடக்கும். நினைவு உருவாவதன் அடிப்படை இதுதான்.

காசியில் புது சவால்

வளர்ந்த குமரகுருபரர், மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். தருமபுரம் மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்றுக் காசிக்குப் போனார். அங்கே மடம் கட்ட முகலாய ஆட்சியாளரிடம் இடம் கேட்க வேண்டும். ஆனால் இந்துஸ்தானி தெரியாது. கலைமகளை வேண்டி சகலகலாவல்லி மாலை பாடி, அந்த மொழியிலேயே பேசி இடம் வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காசியில் அவர் நிறுவிய மடத்தின் தொடர்ச்சிதான் இன்றைய திருப்பனந்தாள் காசி மடம்.

நமக்கு இனி ஏறுமா?

வேலைக்காக பெங்களூரு, புனே போனவர்கள் கேட்கும் கேள்வி இது. குழந்தையின் மூளை சும்மா கேட்டே மொழியைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்குக் கவனமும் தேவையும் சேர வேண்டும். கவனிக்கும்போது அசிட்டைல்கோலின் அந்தச் சிக்னலைத் தூக்கிக் காட்டும். முயற்சி பலித்தால் டோபமைன் அதை உறுதிப்படுத்தும். அதனால், ஆப்பில் சொற்களை உருட்டுவதோடு நிறுத்தாமல், கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. குமரகுருபரரே 5 வயதில்தான் பேசினார் என்று சொல்லி, 2 வயதாகியும் பேசாத குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கவிராயர் தம்பதிக்கு அன்று அந்த வழி இல்லை. இன்று இருக்கிறது.