அயர்டன் சென்னா

அயர்டன் சென்னா (மார்ச் 21, 1960 – மே 1, 1994) பிரேசில் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற தானுந்துப் பந்தய ஓட்டுனர் ஆவார். இவரது முழுப்பெயர் அயர்டன் சென்னா ட சில்வா என்பதாகும். 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் பார்முலா 1 உலக வாகையாளர் பட்டம் வென்றார். 161 பந்தயங்களில் பங்கேற்று 41 வெற்றிகளையும், தகுதிச்சுற்றில் 65 முறை முதலிடத்தையும் பெற்றார். மழையில் நனைந்த ஓடுபாதையில் இவர் காட்டிய திறமை தனித்துக் குறிப்பிடப்படுகிறது.

இளமைக்காலம்

சென்னா சாவோ பாவுலோ நகரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை மில்டன், தாய் நெய்டே. நான்கு வயதில், புல்வெட்டும் எந்திரத்தின் பொறியைப் பொருத்தி தந்தை செய்து கொடுத்த சிறு கார்ட் வண்டியே இவர் ஓட்டிய முதல் வண்டி. பதின்மூன்றாவது வயதில் இன்டர்லாகோஸ் பாதையில் கார்ட் பந்தயங்களில் இறங்கினார்.

பின்னாளில் மழை ஓட்டுனர் என்று பெயர் பெற்ற இவர், தொடக்கத்தில் மழையில் மிக மோசமாக ஓட்டியவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஈரப்பாதையில் நடந்த ஒரு கார்ட் பந்தயத்தில் எல்லோரும் தன்னை எளிதாக முந்திச் சென்றதைக் கண்ட பிறகு, மழை பெய்யும் போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு பாதைக்குச் சென்று பயிற்சி செய்யத் தொடங்கினார். ஆகவே இத்திறமையைப் பிறவிக் கொடை என்று மட்டும் கூறுவது முழுமையான விளக்கமாகாது.

1979, 1980 ஆண்டுகளில் உலகக் கார்ட் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். 1981இல் இங்கிலாந்து சென்று பார்முலா போர்டு பந்தயங்களிலும், 1983இல் பிரித்தானிய பார்முலா 3 தொடரிலும் வாகை சூடினார்.

மொனாக்கோ, 1984

1984இல் டோல்மன் என்னும் சிறிய அணியின் வழியாக பார்முலா 1இல் நுழைந்தார். அவ்வாண்டு ஜூன் 3 அன்று மொனாக்கோவில் கடும் மழைக்கு நடுவே நடந்த பந்தயம் இவரை உலகறியச் செய்தது. 13ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட சென்னா, 19ஆவது சுற்றில் நிக்கி லவுடாவை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தார். முன்னால் சென்றுகொண்டிருந்தவர் மெக்லாரன் அணியின் அலன் புரோஸ்ட். இருவருக்கும் இடையிலான தொலைவு ஒவ்வொரு சுற்றிலும் சில நொடிகள் குறைந்துகொண்டே வந்தது. 31ஆம் சுற்றின் முடிவில் அது ஏறத்தாழ ஏழு நொடிகளாக இருந்த நிலையில், மழையைக் காரணம் காட்டி பந்தய அதிகாரி ஜாக்கி இக்ஸ் பந்தயத்தை நிறுத்தினார். எல்லைக்கோட்டுக்கு அருகே சென்னா புரோஸ்டைக் கடந்துவிட்ட போதிலும், விதிப்படி முந்தைய சுற்றின் நிலையே முடிவாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் இடமே சென்னாவுக்குக் கிடைத்தது.

இம்முடிவு புரோஸ்டுக்கும் நன்மை செய்யவில்லை. பந்தயம் பாதியில் நின்றதால் வெற்றிக்கு உரிய 9 புள்ளிகளில் பாதியாக 4.5 மட்டுமே அவருக்குக் கிடைத்தது. பந்தயம் முழுமையாக நடந்து அவர் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 புள்ளிகள் கிடைத்திருக்கும். அவ்வாண்டு உலகப் பட்டத்தை அவர் லவுடாவிடம் அரைப் புள்ளியில் இழந்தார்.

முதல் வெற்றி

1985இல் லோட்டஸ் அணிக்கு மாறிய சென்னா, ஏப்ரல் 21 அன்று போர்த்துகலின் எஸ்டோரில் நகரில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். அன்றும் பெருமழை. நேர்ப்பாதையிலேயே புரோஸ்டின் வண்டி நீரில் வழுக்கி விலகியது. சென்னா தொடக்கம் முதல் இறுதி வரை முன்னணியில் இருந்து, இரண்டாவதாக வந்த மிக்கேலே அல்போரெட்டோவை ஒரு நிமிடத்துக்கும் கூடுதலான இடைவெளியில் வென்றார். ஏனைய அனைவரும் குறைந்தது ஒரு சுற்றாவது பின்தங்கினர். ஒரு கட்டத்தில் இவரது வண்டியின் நான்கு சக்கரங்களும் புல்தரைக்குச் சென்று மீண்டன. பார்த்தவர்கள் அதைத் திறமை என்றனர். சென்னாவோ வெறும் நற்பேறு என்றே கூறினார்.

மழையும் டயரும்

இவரது வெற்றிகளை விளங்கிக்கொள்ள அக்காலப் பந்தய டயர்களைப் பற்றி அறிதல் வேண்டும். உலர்ந்த பாதைக்கு வரிப்பள்ளம் ஏதுமற்ற வழவழப்பான டயர் பயன்பட்டது. முழுப் பரப்பும் தரையில் படிவதால் பிடிப்பு மிகுதி. ஆனால் பாதையில் நீர் தேங்கினால் அதை வெளியேற்ற வழியில்லாமல், டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் திருப்பியும் தடுப்பியும் பயனற்றுப் போகும். மழை டயரில் உள்ள பள்ளங்கள் நீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. அதன் ரப்பர் மென்மையானது என்பதால், பாதை காய்ந்ததும் சூடேறி விரைவில் சிதைந்துவிடும்.

சிக்கல் எழுவது பாதை முழு ஈரமாகவோ முழு உலர்வாகவோ இல்லாத போதுதான். ஒரு சுற்று முன்னதாக மாற்றினால் வழுக்கும். ஒரு சுற்று தாமதித்தால் பல நொடிகள் வீணாகும். 1984 முதல் 1993 வரை பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை இருந்தமையால், அக்காலத்தில் வண்டிகள் பணியிடத்துக்கு வந்தது பெரும்பாலும் டயர் மாற்றவே. மேலும், உலர்ந்த நாட்களில் ரப்பர் படிந்து நல்ல பிடிப்புத் தரும் தடமே மழையில் வழுக்கும் தடமாகிவிடும். கார்ட் ஓட்டுனர்கள் இதனை நன்கு அறிவர். ஈரத்தில் அவர்கள் வழக்கமான தடத்தை விட்டு விலகி ஓட்டுவர்.

மெக்லாரன் ஆண்டுகள்

1988இல் மெக்லாரன் அணியில் புரோஸ்டுடன் இணைந்தார். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் 15ஐ இவ்விருவருமே வென்றனர். பட்டத்தை முடிவு செய்த சுசுக்கா பந்தயத்தில், புறப்படும்போது சென்னாவின் பொறி நின்றுபோனதால் 14ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். சிறுதூறல் விழத் தொடங்கியது. டயரை மாற்றும் அளவுக்கு மழை இல்லை. வழவழப்பான டயரை நம்பி விரைவாக ஓட்டும் அளவுக்குப் பாதை உலர்ந்தும் இல்லை. இத்தகைய சூழல் சென்னாவுக்கு உகந்தது. 28ஆவது சுற்றில் புரோஸ்டை முந்தி, வெற்றியையும் முதல் உலகப் பட்டத்தையும் பெற்றார். மொத்தப் புள்ளிகளில் புரோஸ்டே முன்னிலையில் இருந்தார். சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கிடும் அக்கால விதியே சென்னாவுக்குப் பட்டம் தந்தது.

மழை எப்போதும் இவருக்குத் துணை நிற்கவில்லை. 1989இல் அடிலெய்டில் நடந்த பந்தயத்தில், ஆபத்து மிகுதி எனக் கருதி புரோஸ்ட் தாமாகவே விலகிக்கொண்டார். சென்னா முன்னணியில் விரைந்து சென்று, நீர்த்திவலை மறைத்ததால் முன்னால் சென்ற மார்ட்டின் பிரண்டிலின் வண்டி மீது மோதி வெளியேறினார். அன்று சரியான முடிவை எடுத்தவர் புரோஸ்ட் என்றே கூறவேண்டும்.

1993

1993இல் வில்லியம்ஸ் வண்டிகளே மிக வலுவானவை. அவற்றில் ஒன்றைப் புரோஸ்ட் ஓட்டினார். பிரேசில் பந்தயத்தில் திடீரெனப் பெருமழை கொட்டியபோது புரோஸ்ட் உலர்பாதை டயருடன் பாதையில் இருந்து, வழுக்கி மோதி வெளியேறினார். மழை டயருக்கு மாறியிருந்த சென்னா வென்றார்.

அடுத்த பந்தயம் ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க்கில் நடந்தது. ஈரப்பாதையில் நான்காவதாகப் புறப்பட்டு ஐந்தாம் இடத்துக்கு இறங்கிய சென்னா, முதல் சுற்று முடிவதற்குள் மைக்கேல் சூமாக்கர், கார்ல் வென்ட்லிங்கர், டேமன் ஹில், புரோஸ்ட் ஆகிய நால்வரையும் முந்தினார். பெரிதும் பேசப்படுவது இச்சுற்றே. எனினும் பந்தயத்தை உண்மையில் தீர்மானித்தது அதன்பின் நடந்த டயர் மாற்றங்கள் ஆகும். தூறல் வருவதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப ஓடிய புரோஸ்ட் ஏழு முறை பணியிடத்தில் நின்றார். சென்னாவோ தூறலைப் பொறுத்துக்கொண்டு உலர்பாதை டயருடனேயே ஓட்டிப் பல நிறுத்தங்களைத் தவிர்த்தார். இறுதியில் ஹில் ஒருவரே இவருடன் அதே சுற்றில் இருந்தார். அவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். அப்பந்தயத்தின் மிக விரைவான சுற்றை சென்னா பதிந்தது பணியிடப் பாதை வழியாக நிற்காமல் கடந்து சென்றபோதுதான்; அப்பாதை சற்றுக் குறுகியது, வேக வரம்பும் அன்று இல்லை.

இறப்பு

1994இல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தார். மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில், உலர்ந்த பாதையில், முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது ஏழாவது சுற்றில் தம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதி உயிரிழந்தார். முந்தைய நாள் தகுதிச்சுற்றில் ஆஸ்திரிய ஓட்டுனர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். திருப்பித்தண்டு முறிந்தமை ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பாதுகாப்பு வண்டியின் பின்னால் மெதுவாகச் சென்றதால் டயர்கள் குளிர்ந்து காற்றழுத்தம் குறைந்து, வண்டியின் அடிப்பகுதி தரையில் உரசியது என்பது மற்றொரு விளக்கம். பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. உடல் சாவோ பாவுலோவின் மொரும்பி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவ்வாண்டே இவரது தமக்கை விவியானி, ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக அயர்டன் சென்னா நிறுவனத்தைத் தொடங்கினார். மொனாக்கோவில் சென்னா பெற்ற ஆறு வெற்றிகள் அப்பாதையின் சாதனையாகும். இன்டர்லாகோஸ் பாதையின் முதல் வளைவுகள் இவரது பெயரால் அழைக்கப்படுகின்றன. டோனிங்டன் பார்க்கில் இவருக்கும் அர்ஜென்டினாவின் குவான் மானுவல் பாஞ்சியோவுக்கும் சேர்த்துச் சிலை நிறுவப்பட்டுள்ளது.