ஒரே இரவு... 3 மரணங்கள்! வேலூர் சி.எம்.சி-யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் யார்?

மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால், சொந்தக்காரர்களில் ஒருத்தராவது வேலூருக்குக் கொண்டு போயிடலாமே என்று சொல்வார். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல வேண்டாம், ஊர்ப் பெயரே போதும். அந்த சி.எம்.சி-யைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு ஆரம்பத்தில் டாக்டராகும் ஆசையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது.

பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ராணிப்பேட்டை பக்கமாகத்தான் வேலூர் போகணும். அந்த ராணிப்பேட்டையில்தான் 1870 டிசம்பர் 9-ம் தேதி ஐடா பிறந்தார். குடும்பமே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துக்கு வந்து வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர். சின்ன வயதில் ஐடா பார்த்தது 1877 பஞ்சத்தை. பசியில் கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு ஊட்டிய நினைவு இருந்ததாலோ என்னவோ, அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவருக்குத் திரும்பி வரவே மனசில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவது என்பதுதான் திட்டம்.

அந்த இரவில் என்ன நடந்தது?

1890-களின் தொடக்கம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தார் ஐடா. ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக 3 ஆண்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரும் வெவ்வேறு சமூகம், ஒருவர் முஸ்லிம். ஆனால் வந்த காரியம் ஒன்றுதான். பிரசவத்தில் மனைவி உயிருக்குப் போராடுகிறாள், ஐடா வந்து பார்க்க வேண்டும்.

தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார் என்றார் ஐடா. அப்பாவும் கிளம்பத் தயார். ஆனால் வேற்று ஆண் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது 3 பெண்களும் உயிரோடு இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக, அந்தக் காலத்தில் டாக்டரே இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. படித்த டாக்டர் அந்த வீட்டிலேயே இருந்தார். அந்தப் பெண்கள் படுத்திருந்த அறைக்குள் நுழையும் அனுமதிதான் அவருக்குக் கிடைக்கவில்லை. நம்பி உள்ளே விட ஆள் இல்லாததால் போன உயிர்கள் அவை. ஐடா மனசை மாற்றியது இதுதான்.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பு அது. வேலூரில் ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டு அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ஷெல் என்ற பணக்காரர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

ஒரே ஒரு படுக்கை

1900-ல் வேலூர் வந்து ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். சில மாதங்களில் அப்பாவும் இறந்துபோனார். இளம்பெண் டாக்டரை நம்பி வர ஜனங்களுக்குத் தயக்கம். கூட வேலை செய்ய நர்ஸ் கிடையாது. வீட்டில் சமையல் செய்தவரின் மனைவி சலோமிக்குத் தானே வேலை கற்றுக்கொடுத்து உதவிக்கு வைத்துக்கொண்டார். இப்படியே 2 வருஷத்தில் 5,000 பேருக்குச் சிகிச்சை. 1902-ல் 40 படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் போனார். முதலில் மாட்டு வண்டி, பிறகு கார். மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுப்பார். வாரா வாரம் அதே சாலை, அதே மரம். வந்த முகமே திரும்பவும் வரும் என்று தெரிந்தால்தான் ஜனங்க வாய் திறந்து பேசுவாங்க.

நர்ஸ் வேலை என்றால் என்ன?

1909-ல் நர்சிங் பள்ளி. அப்போது நம்ம ஊரில் நர்ஸ் வேலைக்கு மரியாதை இல்லை. ரத்தம், மலம் தொடும் வேலை, கண்ட சாதிக்காரரையும் தொடும் வேலை என்று பெண்களை அனுப்பவே வீடுகள் யோசித்தன. தற்செயலாக, நர்ஸ்–நோயாளி உறவைப் பற்றி 1952-ல் புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பாடமாக்கிய அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் பிறந்ததும் அதே 1909-ல்தான்.

இன்று நர்சிங் மாணவர்கள் படிக்கும் சிகிச்சை சார்ந்த உரையாடல் என்ற பாடத்துக்கு அவர் போட்டது அடித்தளம். கட்டில் பக்கம் உட்கார்ந்து கண் மட்டத்தில் பேசணும். ஆமாம், இல்லை என்று முடியாத கேள்வி கேட்கணும். நோயாளி அமைதியானால் காத்திருக்கணும். ஒண்ணும் ஆகாது என்று அவசரமாக ஆறுதல் சொல்வதுகூடத் தப்பு. பயத்தைச் சொல்ல வந்த வாயை அது அடைத்துவிடும். (நம்ம சொந்தக்காரங்க எல்லோரும் இந்தப் பாடத்தில் ஃபெயில்!)

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பட்டப்படிப்பாக உயர்த்தினால்தான் தொடர முடியும் என்று 1930-களின் இறுதியில் சிக்கல் வந்தபோது, ஐடா தன் வாழ்க்கையின் கஷ்டமான முடிவை எடுத்தார். ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார். பெண்களுக்காகவே நன்கொடை கொடுத்தவர்களில் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. எம்.பி.பி.எஸ்-க்கு ஆண் மாணவர்கள் 1947-ல் வந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலில் அதைத் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று.

குடும்பத்தோடு வா!

ஐடா ஓய்வு பெற்ற பிறகு, 1957-ல் பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் வந்தது. இதை அவர் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் வந்து தங்க வேண்டும் என்ற ஏற்பாடு. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கிண்டலுக்குப் பயன்படுத்தும் சென்னைக்காரர்களுக்கு இது புதுசாக இருக்கலாம். வீட்டு ஆள் கூடவே இருந்தால், எப்படிப் பேசணும், மாத்திரையை எப்படிக் கொடுக்கணும் என்று அவரும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். திண்டிவனத்தில் வாசலோடு திரும்பிய அந்தக் கணவர்களைப் போன்றவர்கள், இங்கே அறைக்குள்ளேயே இருந்தார்கள்.

கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960 மே 24-ம் தேதி 89 வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.